எகிறிப் பாயும் சேவல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டில் வசிக்கிறோம். பின்புறத்தில் எட்டடி அகலத்துக்கு நீளவாக்கில் கொஞ்சம் இடம் இருப்பதால் ஏழு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். சேவலைக் குஞ்சாக வாங்கி வந்தபோது என் மகள் கையிலேயே தீனி கொடுத்து, மடியிலேயே தூங்க வைத்து வளர்த்தாள். இப்போது அதற்குப் பதினொரு மாதம். மூன்று மாதமாக, தண்ணீர்க் குடத்தோடு பின்புறம் போகும் என்னையும் என் மாமியாரையும் துரத்தித் துரத்தி அடிக்கிறது. நரம்புச் சுருட்டு உள்ள மாமியாரின் ஆடுசதையில் நேற்று முன்தினம் அதன் கால் முள் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. என் கணவர் உதைத்தும் துடைப்பத்தால் அடித்தும் பார்த்துவிட்டார். அதன் வேகம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. சண்டைச் சாதி என்பதால்தான் இப்படி என்கிறார் அவர். நாய்க்கடி ஊசி போட வேண்டும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். முள்ளை வெட்டிவிட்டால் சரியாகுமா, அல்லது அறுத்துவிடுவதுதான் வழியா? வீட்டில் நான்கு வயது மகனும் இருக்கிறான்.
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் காலைக் கவனியுங்கள், சேவல் ஒரு நாள் காத்திருக்கலாம். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டும் விலங்குகளிடமிருந்து வருவது. கோழி கொத்தியோ முள் குத்தியோ அது பரவாது என்பதால் அந்த ஊசி தேவையில்லை. தேவைப்படக்கூடியது ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி. எச்சத்திலும் மண்ணிலும் புரளும் முள், வெளியே சிறு துளையாகவும் உள்ளே ஆழமாகவும் காயம் உண்டாக்குவதால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நரம்புச் சுருட்டு உள்ள காலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண் ஒருவர், சேவல் கொத்தியதில் காலில் புடைத்திருந்த நரம்பு கிழிந்து, ரத்தப்போக்கினாலேயே இறந்ததாக 2019இல் ஒரு தடயவியல் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சேவல் விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை உங்கள் மாமியார் பின்புறம் போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மகனும் அப்படியே. பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே விழும் அடி, நான்கு வயதுப் பிள்ளைக்கு முகத்தில் விழும். கண்ணருகே பட்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ உடனே ஓட வேண்டியிருக்கும்.

இனி சேவல். சண்டைச் சாதி என்று உங்கள் கணவர் சொல்வதில் பாதிதான் சரி. அசில் என்னும் சண்டைச் சாதிச் சேவல்கள் மற்றச் சேவல்களைக் கண்டால் உயிரை விட்டுச் சண்டையிடும் என்றாலும், மனிதர் கையில் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கையில் பிடித்து வளர்த்தவர்கள், வளர்ப்பவனையே அடிக்கும் சேவலை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். உங்கள் சேவலின் விஷயத்தில் நான் மடியைத்தான் சந்தேகிக்கிறேன். மனிதரோடு ஒட்டி வளர்ந்த ஆண் குஞ்சுக்கு நம்மிடம் அச்சம் இருக்காது. ஐந்தாறு மாதத்தில் பருவம் வந்து கொண்டை சிவந்து பெட்டைகளை மிதித்து இணைசேரத் தொடங்கும்போது, அச்சமில்லாத அந்தச் சேவல் உங்களையும் தன் கூட்டத்துக்குப் போட்டியாக வந்த இன்னொரு சேவலாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவள் அன்பாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

இந்தக் கணக்கில் உதைக்கு என்ன பொருள் என்று பாருங்கள். சேவலுக்கு அது தண்டனையாகத் தெரியாது. எதிராளி சவாலை ஏற்றுக்கொண்டான் என்றே தெரியும். பயந்து ஓடினால் தான் ஜெயித்துவிட்டதாக எண்ணி மறுநாளும் அதே இடத்தில் காத்திருக்கும். ஆகவே அடிப்பதும் கூடாது, ஓடுவதும் கூடாது. அது பாயப்போவதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும். ஒரு பக்க இறக்கையைத் தரையைத் தொடும்படி தாழ்த்திக்கொண்டு, நேராக வராமல் அரைவட்டமாக நெருங்கும். ஒரு மணி தானியம்கூட இல்லாத சிமெண்டுத் தரையைக் கொத்துவதுபோல் பாவனை காட்டும். கழுத்து இறகு குடைபோல விரிந்தவுடன் இரண்டு காலும் முன்னே நீள எகிறும். இறக்கை தாழ்ந்ததைக் கண்ட கணத்திலேயே நின்றுவிடுங்கள். முதுகைக் காட்டாதீர்கள், கையை வீசாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் சேவலின் பக்கம் இருக்கும்படி இடையில் பிடித்துக்கொண்டு, அது சலித்துப் போய் வேறு பக்கம் பார்த்த பிறகு, இரண்டு அடி முன்வைத்து நடந்து உங்கள் வேலையை முடியுங்கள். முறமோ, தண்ணீர் டிரம்மின் மூடியோகூடப் போதும். அதைக் கேடயமாகப் பிடியுங்கள், அதனால் அடிக்காதீர்கள்.

எதைப் பார்த்துப் பாய்கிறது என்பதையும் இரண்டு நாள் கவனித்துவிடுங்கள். திருவொற்றியூரில் நான் வளர்த்த சேவல் ஒன்று, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே நீலக் குடத்தைக் கையில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போனால் கண் இமைப்பதற்குள் முழங்காலில் ஏறிவிடும். அதன் கண் மட்டத்தில் வந்து வந்து போகும் ஒரு பெரிய நீல உருவத்தோடுதான் அது சண்டையிட்டிருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. கோழிகளுக்கு நிறப்பார்வை நம்மைவிடக் கூர்மை. புதுச் செருப்பு, காற்றில் அடிக்கும் புடவைத் தலைப்பு, தரையோடு தேய்த்து வரும் துடைப்பம் எல்லாம் அதற்கு உறுத்தும். உங்கள் இடம் எட்டடிதான் என்பது இன்னொரு சிக்கல். நீங்கள் நடுவே நடந்தால் சேவல் ஒதுங்க வழியில்லாமல் சுவரோடு ஒட்டிப்போகிறது. ஒதுங்க முடியாத சேவல் எதிர்க்கத்தான் செய்யும். காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் பழைய மீன் வலையில் நூல் தடித்ததாகப் பார்த்து வாங்கி, நடைபாதைக்கு மூன்றடி விட்டு நீளவாக்கில் கட்டிவிடுங்கள். அடிப்பாகத்தை இழுத்துக் கல் வைத்து இறுக்கவில்லையென்றால் கோழிகளின் கால் சிக்கிக்கொள்ளும்.

இத்தோடு, மூன்று நான்கு வாரம் தவறாமல் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, பின்புறக் கதவைத் திறந்தவுடன் ஒரு பிடி கம்போ நொய்யோ எதிர்ப்பக்கமாகத் தூவுங்கள். தீனியைக் கண்ட சேவல் தான் தின்னாமல் ‘குக் குக்’ என்று பெட்டைகளைக் கூப்பிடப் போய்விடும். கூட்டத்தை நடத்துவது அதன் பிறவி வேலை, அந்த வேலை கிடைத்தால் உங்களைக் கவனிக்க அதற்கு நேரமிருக்காது. இரண்டு, இருட்டிய பிறகு கூண்டில் அடைந்ததும், பார்வை மங்கி அடங்கியிருக்கும் வேளையில், இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அணைத்துத் தூக்கி, கக்கத்தில் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு, அது திமிறுவதை நிறுத்திய பிறகு மட்டும் இறக்கிவிடுங்கள். கண்ணும் கன்னமும் அதன் அலகுக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டுப் ‘பாடம் கற்பிக்க’ வேண்டாம். அதற்கு மூச்சு முட்டுமே தவிர வேறு எதுவும் புரியாது. இதை உங்கள் கணவரே செய்யட்டும், உதைத்தவரும் அவர்தானே.

முள்ளை வெட்டுவதைப் பொறுத்தவரை, மேலே நகம்போன்ற உறை இருந்தாலும் உள்ளே ரத்த ஓட்டமுள்ள எலும்பு இருப்பதால், அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும். நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுங்கச் செய்யலாம். அதனால் அடியின் ஆழம் குறையும், அடிக்கும் எண்ணம் குறையாது. தயக்கமாக இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். செள்ளுப்பூச்சி, கால் புண் போன்று அதை எரிச்சலூட்டும் எதுவும் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம்.

நான்கு வாரத்துக்குப் பிறகும் நாற்காலியைத் தாண்டிப் பாய்கிறது என்றால், என் கருத்தைக் கேட்டால், அந்தச் சேவல் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. சிறு பிள்ளையும் நரம்புச் சுருட்டுள்ள பெரியவரும் உள்ள வீட்டுக்கு இடவசதியும் இல்லாதபோது, இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. பெரிய தோட்டம் உள்ளவரிடம் அதன் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், அல்லது குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அதன் வித்தில் அடை வைக்காதீர்கள். இந்தக் குணம் ஓரளவு குஞ்சுக்கும் இறங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இதே கதைதான், நாங்கள் விற்றுவிடுவதென்று முடிவு செய்துவிட்டோம். கறி விலையைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் தருவதாக ஒருவர் சொல்கிறார். சண்டைக்கு விடுவார் போலத் தெரிகிறது. கொடுக்கலாமா? சேவல் போய்விட்டால் முட்டை நின்றுவிடுமா?
— ஒரு வாசகர், எர்ணாவூர்

பதில்: கொடுக்காதீர்கள். விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயிரம் ரூபாய்க்காக அந்த வம்பு எதற்கு?

முட்டை நிற்காது. பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கும் முட்டைக்குத்தான் தேவை. வேறு சேவல் வாங்குவதானால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். வாங்கியவுடன் கூட்டத்தில் விடாமல் மூன்று வாரம் தனியாக வைத்திருங்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய் சந்தையிலிருந்துதான் பெரும்பாலும் வீட்டுக்கு வருகிறது. அதுவரை அடைக்கு முட்டை வேண்டுமென்றால், பழைய சேவல் போன நாளிலிருந்து ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதிவையுங்கள். மிதித்த வித்து பெட்டையின் உடலில் சில நாள் தங்கியிருக்கும் என்பதால் முதல் பத்து நாளில் இட்டவற்றை நம்பி வைக்கலாம். அதற்குப் பிந்தியவற்றை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.