கொய்யா மரத்து வெள்ளைப் புழு: மருந்து தெளிக்கும் முன்பு

கேள்வி (கோபாலபுரம்): எங்கள் வீட்டுக் கொய்யாவில் மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது. அவற்றின் நடுவே, உடலெங்கும் வெள்ளை நூல்கள் தொங்க, அரை அங்குல நீளத்தில் ஒன்று சுறுசுறுப்பாக ஊர்கிறது. இது முதிர்ந்த மாவுப்பூச்சியா? என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: தயவுசெய்து மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் கண்டது மாவுப்பூச்சியைத் தின்று வாழும் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மெழுகுப் பூச்சால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மாவுப்பூச்சி பெரும்பாலும் 3 முதல் 4 மி.மீ. அளவோடு நின்றுவிடும், இந்தப் புழு 13 மி.மீ. வரை வளரும். அளவைக் காட்டிலும் நடைதான் நம்பத்தக்க அடையாளம். ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி, ஈர்க்குச்சியால் தொட்டாலும் மந்தமாகவே அசையும். புழு விரைந்து விலகும். பஞ்சுப் பொதி போன்ற முட்டைப் பைக்குள் தலையைப் புதைத்து அது முட்டைகளைத் தின்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தவருக்குத் தெளிப்பானைத் தூக்க மனம் வராது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இவ்வண்டு, காப்பியின் பச்சைச் செதில்பூச்சியை அடக்குவதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த வேலைக்கு அது உதவவில்லை. மாவுப்பூச்சிக்கு எதிராகத்தான் பெயர் பெற்றது. வளர்ந்த வண்டு கருமையான முதுகும் செம்மஞ்சள் தலையுமாக இருக்கும். தேன் போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் எறும்புகள் வண்டுகளை விரட்டும் என்பதால், முதலில் எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். மாவுப்பூச்சி மண்டிய கிளையை வெட்டுவதானால், புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): தென்னங்கீற்றின் அடியில் வெள்ளைச் சுருள்களும், அவற்றருகே அசையாத சிறு செதில்களும் உள்ளன. சில செதில்கள் கறுத்திருக்கின்றன. நோயா?

பதில்: நோயன்று. இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இது. சுருளாக இருப்பவை முட்டைகள். செதில்களாக இருப்பவை குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, பின் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கறுத்தவற்றைக் கண்டால் மகிழுங்கள். என்கார்சியா என்னும் நுண்குளவி அவற்றைத் தின்று உள்ளே வளர்ந்திருக்கிறது. காலிக் கூட்டில் வட்டத் துளை இருந்தால் வெளியேறியது குளவி. ஆங்கில T வடிவப் பிளவு இருந்தால் வெள்ளை ஈ. வட்டத் துளைகள் மிகுந்த கீற்றுகளை வெட்டி எரித்துவிடாதீர்கள், குளவிகளும் கூடவே போய்விடும்.

கேள்வி (ஆனைமலை): கறிவேப்பிலை மரத்தில் பறவை எச்சம் போன்ற ஒன்று நகர்கிறது.

பதில்: கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சை நிறமாகும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி வாடை விடும். மரம் பெரியதென்றால் விட்டுவிடுங்கள். கன்றென்றால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம்.

கேள்வி (கோவிந்தாபுரம்): மாவிலையின் அடியில், மெல்லிய நூல்காம்பின் நுனியில் ஒரு வெள்ளை முட்டை.

பதில்: கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதிலிருந்து வரும் புழு, செடிச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியை வேட்டையாடும். அந்த இலையைப் பறிக்காதீர்கள்.