டெக்சாஸில் மான்களுக்கான தீவனத்துக்கு விற்பனை வரி உண்டா?

தீவனத்துக்கு இல்லை. மானுக்குப் போடும் மக்காச்சோளம், காட்டுப் பறவைகளுக்கான தானியம், வைக்கோல் எல்லாம் வரிவிலக்கில் வருபவை. விவசாய எண் (விற்பனைக்காக விவசாயம் செய்பவர்களுக்கு மாநில வரித்துறை தரும் பதிவு எண்) இல்லாமலே வாங்கலாம். நாய், பூனை போன்ற செல்லப்பிராணிகளின் தீனிக்கு வரி உண்டு.

சிக்கல் தீவனம் போடும் கருவியில்தான். வேட்டைக்காக 400 டாலருக்கு அதை வாங்கினால், உச்ச வரியான 8.25% (மாநிலம் 6.25, உள்ளூர் 2) சேர்ந்து 33 டாலர் கூடுதலாகும். விற்பனைக்கு விலங்கு வளர்ப்பவர் விவசாய எண் பெற்று, 01-924 என்ற வரிவிலக்குச் சான்றுப் படிவத்தைக் கடையில் கொடுத்தால்தான் இதுபோன்ற கருவிகளுக்கு விலக்கு. நிலத்தை வேட்டைக்கு வாடகைக்கு விடுவது அதில் சேராது.

பலர் சறுக்குவது இங்கேதான்: வனவிலங்குப் பராமரிப்புக்காக நிலவரி குறைந்ததென்றால் விற்பனை வரியும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம்.