பீப் ஒலியை நம்பலாமா? டிஜிட்டல் மாதிரி ரயிலில் கேபிளும் வயரிங்கும் சோதிக்கும் முறை

கேள்வி: குளச்சலில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. மாடியறையில் நாகர்கோவில் சந்திப்பை மாதிரியாக வைத்து, எச்.ஓ. (1:87) அளவில் ஒரு டிஜிட்டல் ரயில் அமைப்பு செய்திருக்கிறேன். கட்டுப்பாட்டு இணைப்பு லோகோநெட் வகை (கைக்கருவியையும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் கேபிளால் இணைக்கும் முறை). மழைக்காலம் கழிந்ததிலிருந்து மேற்கு மூலையில் எஞ்சின்கள் தயங்கித் தயங்கி ஓடுகின்றன. அந்த மூலைப் பேனலில் எஞ்சினை இயக்கும் கைக்கருவியைச் செருகினால் சில சமயம் உயிர் வருவதே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லா வயரிலும் பீப் ஒலி ஒழுங்காக வருகிறது. குறை எங்கே இருக்கக்கூடும்?

பதில்: குறை பெரும்பாலும் அந்தப் பீப் ஒலிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மலிவு விலை மீட்டர்கள் பலவும் சில பத்து ஓம் மின்தடை இருக்கும்போதுகூடப் பீப் எழுப்பிவிடும். அரை ஆம்பியர் இழுக்கும் எஞ்சினுக்கும், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டியான பூஸ்டருக்கும் நடுவே வெறும் 10 ஓம் தடையுள்ள ஒரு கெட்ட இணைப்பு இருந்தால், அந்த இடத்திலேயே 5 வோல்ட் காணாமல் போகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் உப்புக் காற்றிலும் இருக்கும் நம் மாவட்டத்துக் கடலோர வீடுகளில், செம்பு வயரில் களிம்பேறி இப்படிப்பட்ட இணைப்புகள் உருவாவதில் வியப்பில்லை.

உங்களுடையவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகவும் இருக்கலாம் என்பதால், கைக்கருவிக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கேபிளையும் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் வயரிங்கையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் கேபிள். லோகோநெட் கேபிளில் ஆறு இழைகள் உண்டு: நடுவிலுள்ள 3, 4 இரண்டும் தகவலைச் சுமக்கின்றன, 2, 5 இரண்டும் தரை, ஓரத்திலுள்ள 1, 6 இரண்டும் பூஸ்டருக்கான ரயில் சமிக்ஞை. தகவலுக்கும் தரைக்கும் இவ்வாறு இரட்டை இழை இருப்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று சுமந்துகொண்டு போகும். இரண்டாவதும் தளரும் நாளில்தான் குறை வெளியே தெரியும். பழைய தொலைபேசி வயரும் அச்சு அசலாக இதே பிளக்கைப் போலவே இருக்கும், ஆனால் உள்ளே இரண்டோ நான்கோ இழைகள்தாம் இருக்கும். வீட்டில் கிடந்த அப்படியொரு வயரைச் செருகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பித்தளை நிறக் காலை எண்ணிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

கணினி வலைப்பின்னல் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் லேன் கேபிள் டெஸ்டர்களில் பெரும்பாலும் தொலைபேசி பிளக்குக்கான சிறிய துளையும் இருக்கும். கேபிளை இரு பக்கமும் கழற்றி அதில் செருகினால், இரண்டு பெட்டியிலும் 1 முதல் 6 வரை விளக்குகள் ஒரே வரிசையில் எரிய வேண்டும். மறுமுனையில் 6 முதல் 1 வரை தலைகீழாக எரிந்தாலும் கைக்கருவி வேலை செய்துவிடும். ஆனால் அந்தக் கேபிளில் இரண்டாவது பூஸ்டரை இணைத்திருந்தால் அதன் கட்டம் (மின் அலையின் திசை) மாறி, இரு பூஸ்டர்களின் எல்லையைக் கடக்கும் எஞ்சின் ஷார்ட் ஆகும். விளக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கின் கழுத்தை மெதுவாக நான்கு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்த விளக்காவது கண் சிமிட்டினால் அந்த முனையை வெட்டி எறிந்து புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்யுங்கள். கேபிள் சரியாக இருந்தால் பேனலின் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, சிலமுறை செருகி எடுத்தால் மேலோட்டமான களிம்பு போய்விடும், கம்பிகள் பச்சை பூத்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுவது நல்லது.

இனி தண்டவாள வயரிங். மின்சாரத்தை அணைத்து, பூஸ்டரைக் கழற்றி, எஞ்சின்களையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டளையைப் படிக்கும் சில்லான டிகோடர் ஒன்று கிடந்தாலும் மீட்டர் பொய் சொல்லும். இரு தண்டவாளங்களுக்கு இடையே இப்போது பீப் வரக்கூடாது. அந்த ஒலியால் கிடைக்கும் நம்பகமான பயன் இது ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லும் சோதனைக்கு மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்று போதும். எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பூஸ்டரை இயக்கி, மேற்கு மூலையில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே மீட்டரை ஏசி அளவில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசிசி அலை (தண்டவாளத்தில் ஓடும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு மின்சாரம்) நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் போன்றதல்ல, அதன் ஒரு ‘1’ பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடிதான் என்பதால், சாதாரண மீட்டர் காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் அதே மீட்டரில் இரண்டு அளவுகளை ஒப்பிட அது இடைஞ்சலில்லை. பிறகு பல்பை அதே இடத்தில் இணையுங்கள். சுமார் 2 ஆம்பியர் ஓடும்போது எண் ஒரு வோல்ட்டுக்குள் இறங்கினால் கவலையில்லை. மூன்று நான்கு வோல்ட் இறங்கினால் வழியில் கெட்ட இணைப்பு இருக்கிறது. பல்பு மிகவும் சூடாகும், பிளாஸ்டிக் ஸ்லீப்பர் மேல் வைத்துவிடாதீர்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பலகைக்கு அடியிலுள்ள முதன்மை வயரான பஸ் வயரிலும், மற்றதை அதே பக்கத்துத் தண்டவாளத்திலும் வையுங்கள். நல்ல இணைப்பில் எண் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும் ஃபீடர்தான் (பஸ் வயரிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் சிறு வயர்) குற்றவாளி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 6 மீட்டர் போய்த் திரும்பினாலும் தடை சுமார் 0.15 ஓம்தான், ஆகவே பஸ் வயரை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக நாணயச் சோதனை. ஒவ்வொரு மீட்டர் தூரத்திலும் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே அழுத்தினால் பூஸ்டர் உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லையென்றால் நாணயத்தை உடனே எடுத்துவிடுங்கள். வழியில் மொத்தம் 4 ஓம் தடை இருந்தால் 15 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குக் குறைவாகவே ஓடும். 5 ஆம்பியர் பூஸ்டர் அதை ஷார்ட் என்றே கருதாது, ஆனால் 56 வாட் வெப்பம் எங்கோ ஓரிடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிக்கொண்டிருக்கும். நாகர்கோவில் டவுன் பக்கமாகத் திருநெல்வேலிப் பாதைக்குச் செல்லும் பைபாஸையும் நீங்கள் அமைத்திருந்தால், அந்த முக்கோணத்தின் ஒரு கையில் தானியங்கித் துருவமாற்றி இருக்கும். அங்கே முதலில் துருவத்தை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் துண்டிக்கப்படும் என்பதால், சிறு தாமதத்தைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

குற்றவாளி ஃபீடரைக் கண்டபின் அதே பற்றின்மேல் மீண்டும் ஈயம் வைக்காதீர்கள். களிம்பு இன்சுலேஷனுக்குள்ளும் ஊர்ந்திருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி உரித்து, அமில பிளக்ஸைத் தவிர்த்து ரோசின் பிளக்ஸால் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறையால் மூடிவிட்டு, பல்பை அதே இடத்தில் மறுபடி எரியவிட்டுப் பாருங்கள்.