தனிப்பட்ட தூரநோக்குக் கூற்றை எழுதுவது எப்படி?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்காலத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லும் தூரநோக்குக் கூற்று ஒன்றை உங்கள் வாழ்க்கைக்கென எழுத விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாடசாலைச் சுவரிலும் அலுவலக வாசலிலும் எழுதப்பட்ட தூரநோக்கையும் பணிக்கூற்றையும் வாசித்தே வளர்ந்தவர்கள் நாம் என்பதால், சொந்த வாழ்க்கைக்கு எழுத உட்காரும்போதும் அந்தச் சுவரின் நடைதான் முதலில் வரும். பயிற்சிப் பட்டறையொன்றில் நான் எழுதிய முதற்கூற்று, "அறிவும் பண்பும் நிறைந்து சமூகத்துக்குப் பயன்படும் உன்னத மனிதனாகத் திகழ்தல்" என்பதாகும். என் பெயரை வெட்டிவிட்டு எதிரே இருந்தவரின் பெயரை எழுதியிருந்தாலும் அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டி வந்திராது.

வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது, மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்து நீரை நம்பியே காலமெல்லாம் வேளாண்மை செய்த அப்பா, "இதில திகதி ஒண்டும் இல்லையே மகன், மாடு எப்ப வெளியேத்துற எண்டும் இல்லையே" என்றார். நெற்செய்கைப் போகத்துக்கு முன் விவசாயிகள் கூடி முடிவெடுக்கும் ஆரம்பக் கூட்டத்தை மனத்தில் வைத்தே அவர் அப்படிச் சொன்னார். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எத்தனை மாத நெல்லை எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, வாய்க்காலில் நீர் எப்போது திறக்கப்படும், மாடுகளை எந்தத் திகதிக்குள் வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்துவது என்பனவே அங்கு முடிவாகின்றன. நல்ல விளைச்சல் பெறுவோம் என்று எவரும் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை.

நான் அந்த வரிசையிலேயே திரும்ப எழுதினேன். முதலில் நீர்க்கணக்கு: வேலை முடிந்து எனக்கு உண்மையில் எஞ்சும் மணித்தியாலங்கள், கட்ட வேண்டிய லீசிங், பெற்றோரின் உடல்நிலை. நீர் குறைந்த சிறுபோகத்தில் ஏக்கரைக் குறைப்பதுபோல, ஐந்து ஆசைகளை இரண்டாகக் குறைக்க வேண்டியதாயிற்று. திகதி போடுவது எளிது, அதில் சொல்ல அதிகமில்லை.

கடினமானது மாடுதான். என் நேரத்தை மேய்ந்தவை கெட்ட பழக்கங்களாக இருந்திருந்தால் விடுவது இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அவை கோயில் நிர்வாக சபை, விளையாட்டுக் கழகம், மரண வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கம் என்று ஊர் மெச்சும் காரியங்கள். மாடு உழவனுக்குப் பகையல்ல, மட்டக்களப்புத் தயிருக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்றாலும், விதைத்த வயலில் அதற்கு இடமில்லை. ஆகவே, எதை அடைவேன் என்ற வரிக்குக் கீழே, எந்த நல்ல காரியத்தை அதற்காக விடுவேன் என்ற வரி இல்லாத கூற்றை நான் முடிந்ததாகக் கொள்வதில்லை.

ஒருமுறை எழுதினால் ஆயுளுக்கும் மாற்றக்கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்தவர். 1924 இல் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். மறைந்த ஆண்டான 1947 இல்தான் பண்டைத் தமிழிசை பற்றிய அவரது ஆய்வான யாழ் நூல் வெளிவந்தது. இன்று நமக்கு ஒரே கோடாகத் தெரியும் அந்த வாழ்க்கையை, இளம் ஆசிரியராக இருந்தபோது அவரே ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்க முடியுமா என்பது சந்தேகமே. நானும் பெரும்போகத்துக்கு முன் ஆண்டுக்கொரு முறை என்னுடையதைத் திருத்துகிறேன்.

தற்போது அது இவ்வாறு உள்ளது: "2030 தை மாதத்தில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராவது ஆற்றைக் கடந்து நகருக்குப் போகாமல் உயர்தரக் கணிதம் படிக்கிறார்கள். வாரத்தில் மூன்று மாலை நான் கற்பிக்கிறேன். எனக்குக் கடன் இல்லை. எந்தச் சபையிலும் பதவி இல்லை." சபைகளில் இரண்டிலிருந்து விலகிவிட்டேன். மூன்றாவதற்கான விலகல் கடிதம் மேசை லாச்சியில் கிடக்கிறது; புரட்டாதி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அதற்கும் திகதி போட்டிருக்கிறேன்.