காரைக் கழுவ நேரமில்லை, ஆனால் பளிச்சென்று இருக்க வேண்டும். குறைந்த மெனக்கெடலில் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தினமும் துடைக்க ஆள் வைக்கலாமா, இல்லை செராமிக் கோட்டிங் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?" (செராமிக் கோட்டிங் என்பது பெயின்டைக் காக்க அதன் மேல் பூசும் ஒரு திரவப் பூச்சு.) அந்த வரியைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் வழக்கம்போலப் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

நீங்கள் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறீர்கள், ஷோரூமில் ஏதோ ஒரு பேக்கேஜை நீட்டியிருக்கிறார்கள், வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சுருக்கமான பதில்: தினமும் துடைக்க ஆள் வைக்காதீர்கள். மாதச் சம்பளம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. பெயின்டில் விழும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை நாமே துணி போட்டுத் தேய்த்து உண்டாக்குவதுதான். சோம்பேறிகளுக்குச் சாதகமான விஷயம் உலகத்தில் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

விரிவான பதில் வேண்டுமென்றால் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா அரசாங்க ஜீப்பும் அம்பாசடரும் ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன்னால் எழுந்து, வாளித் தண்ணீரில் ஒரு மூடி மண்ணெண்ணெய் விட்டு, பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை, நனைத்துப் பிழிந்து, வண்டியை மேலிருந்து கீழ்வரை துடைப்பார். அதிகாரி வெளியே வரும்போது கதவில் அவர் முகம் தெரிய வேண்டும். அதை வேலை என்றே அவர் நினைத்ததில்லை, மரியாதை என்றுதான் நினைத்தார். அதனால் நான் 2016 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை அடர்ந்த சாம்பல் நிறத்தில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியபோது, மறுநாள் காலை யாரையும் கேட்காமல் வாளியோடு இறங்கிவிட்டார்.

எங்கள் வீடு தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். காலையில் முன்கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதோடு நிலக்கரித் தூள், ரோட்டு மணல் எல்லாம் சேர்ந்து ஒரு படலமாக ஒட்டியிருக்கும். இதன் மேல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்ப்பதும் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். பனியன் வேஸ்ட்டில் தையல் மடிப்பு வேறு இருக்கும். மணல் அந்த மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டால், எத்தனை தடவை அலசினாலும் போகாது.

அப்பாவுடைய வழி அந்தக் காலத்து வண்டிக்குச் சரி. அப்போதைய பெயின்டில் நிறமே மேல்பூச்சு. மங்கினால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து அதே நிறம் வரும். இப்போதைய மெட்டாலிக் நிறங்களுக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுக்க அதில்தான். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரும், அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். "கீறல் விழுந்தால் என்ன, ரப்பிங் பாலிஷ் போட்டால் போய்விடும்" என்பார்கள். போகும். ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் போகும்.

இதையெல்லாம் அப்பாவிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "ஏல, தொடாம வச்சிருக்கதுக்கு அது என்ன கொலு பொம்மையா?" என்று முடித்துவிட்டார். ஒரு நாள் ராத்திரி அவரை வாசலுக்கு அழைத்துப்போய், பானெட் மேல் செல்போன் டார்ச்சைப் பிடித்துக் காட்டினேன். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள். கதவிலும் அப்படியே. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, அவரே டாப்பின் மேல் பிடித்தார். ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அப்பா உயரம் கம்மி. அவர் கை எட்டாத இடம் அது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டாப்புல அவ்வளவா தூசி விழாதுல்லா, அதான்" என்றார். போகும்போது, "கம்பெனிக்காரன் இப்பல்லாம் ஒழுங்கா பெயின்டே அடிக்கதில்ல" என்று இன்னொன்றும் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து பாடியில் கை வைக்கவில்லை. கண்ணாடிகள், டயர், கால்மிதி மூன்றும் அவர் இலாகா என்று ஆனது. சொல்லப்போனால் வண்டியை ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடி சுத்தமாக இருப்பதுதான் முக்கியம். அதைத் தினமும் துடைக்கலாம், பெயின்ட் மாதிரி சுலபத்தில் கீறல் விழாது.

சரி, நான் என்ன செய்கிறேன் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் வெயில் இறங்கியதும் கழுவுகிறேன். அரை மணி நேர வேலை. முதலில் ஹோஸில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். அது வரைக்கும் கை படக்கூடாது. இதுதான் பாதி வேலை, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து மேலிருந்து ஆரம்பித்து, அழுக்கானதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பு. கதவின் கீழ்ப்பகுதி கடைசி. பாத்திரம் கழுவும் சோப்போ துணி சோப்புத் தூளோ வேண்டாம், மேலே இருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கழுவி முடித்த ஈரத்திலேயே அடிக்கிற, மெழுகு மாதிரி பெயின்டைக் காக்கிற ஸ்ப்ரே சீலன்ட் கிடைக்கிறது. அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடித்துத் துடைத்துவிட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கும் அடுத்த தடவை சீக்கிரம் விடும்.

எங்கள் ஊரில் பெரிய பிரச்சினை தண்ணீர். போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் காய விட்டால் வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருக்கும் சுண்ணாம்பும் உப்பும் போகாது. வெயிலில் வைத்துக் கழுவினால் துடைப்பதற்குள்ளேயே காய்ந்துவிடும். அதனால் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீர். உடனே யாராவது, குடிதண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு நிற்கும்போது உனக்குக் கார் கேட்கிறதா என்று கமென்டில் வருவீர்கள். வர வேண்டாம். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர் அது, அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது, புள்ளியும் விழாது. கோடையில் ராத்திரிக்கு ஒரு வாளி நிறைகிறது. இந்த யோசனை அப்பாவுடையது. வைப்பர் டேங்குக்கும் அதையே ஊற்றிக்கொள்கிறார்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விடலாம், அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு விடுங்கள். கடற்கரை ஊர்களில் பல கடைகளில் போர் தண்ணீர்தான், அதுவும் உவர். அடிப்பாகத்தில் ஒட்டிய உப்பைப் போக்கக் காரை லிப்டில் ஏற்றி, பிரஷரில் உப்புத் தண்ணீரையே அடித்து அனுப்பினால் என்ன பிரயோசனம்? இன்னும் சில இடங்களில் முடித்தபின் அடியில் டீசல் ஸ்ப்ரே பண்ணுவார்கள். பார்க்கக் கறுப்பாக மினுக்கும். அடியில் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கு டீசல் ஆகாது, ஒட்டும் தூசியும் இரட்டிப்பாகும். துரு பயம் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை அலசி, நன்றாகக் காய்ந்தபிறகு அண்டர்பாடி கோட்டிங் போட்டுக்கொள்ளலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு அவ்வளவு அவசரமில்லை.

காக்கா எச்சம் மட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை. எங்கள் எதிர்வீட்டு வேப்பமரத்தில் பழம் பழுக்கும் மாதங்களில் தினமும் அபிஷேகம்தான். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, கத்திரி வெயிலில் பானெட் கொதிக்கும்போது சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். அதற்காகச் சுரண்டாதீர்கள், அதற்குள் விதையும் மணலும் இருக்கும். ஈரத் துணியை அதன் மேல் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஊறியிருக்கும், அப்படியே வழித்து எடுத்துவிடலாம். கார் கவர் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்றால், எங்கள் ஊர்க் காற்றில் கவர் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் தூசியை வைத்து அதுவே தேய்க்கும். ஷெட் போட முடிந்தால் போடுங்கள்.

ஆயுத பூஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சாமி கும்பிடாதவன் இல்லை, அதனால் சண்டைக்கு வராதீர்கள். சந்தனமும் குங்குமமும் பானெட்டில் அப்பி, காய்ந்தபின் நகத்தால் சுரண்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டில் பொட்டு முன்கண்ணாடியில்தான். மாலையைச் செலோடேப் வைத்து ஒட்டாமல் கட்டுகிறோம். எலுமிச்சம்பழம் டயருக்குக் கீழே போவதில் எனக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை.

இப்போது செராமிக் கோட்டிங். ஊருக்கும் கடைக்கும் தகுந்தபடி சின்ன காருக்கு 15,000 முதல் 30,000 வரை சொல்கிறார்கள், அதற்கு மேலும் போகும். மோசடி என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் போட்டால் பளபளப்பு நிற்கும், அழுக்கு சுலபமாக விடும், எச்சத்துக்கும் வெயிலுக்கும் ஒரு தடுப்பு. ஆனால் "9ஹெச் கடினம், கீறலே விழாது" என்று சொல்வதை நம்பாதீர்கள். அந்த 9ஹெச் பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, மணலுக்கு அது பொருட்டே இல்லை. லாரி டயரிலிருந்து கல் தெறித்தால் பெயின்ட் பெயரத்தான் செய்யும். அதைத் தாங்குவது பிபிஎஃப் என்கிற, பெயின்டின் மேல் ஒட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் படலம், முழுக் காருக்கும் ஒட்ட லட்சத்தைத் தொடும். கோட்டிங் போட்ட காரையும் கழுவத்தான் வேண்டும். அதையும் தினமும் மணலோடு தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும். டீடெய்லிங், அதாவது காருக்குப் பாலிஷும் கோட்டிங்கும் போடும் தொழில், செய்யும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் செய்கிற வேலையை நான் குறை சொல்லவில்லை, விற்கிறவர் பேச்சைத்தான் சொல்கிறேன்.

சொல்ல வந்ததோடு இன்னொரு எரிச்சலையும் இறக்கி வைத்துவிடுகிறேன். எங்கள் தெருவைக் குழாய் பதிக்க என்று தோண்டினார்கள். பதித்தார்கள், மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள், போய்விட்டார்கள். மழை பெய்தால் சகதி, வெயிலடித்தால் புழுதி. கேட்டால், ரோடு போடுவது வேறு கான்ட்ராக்ட் என்கிறார்கள். அந்தப் புழுதி படிந்த காரின் பின்கண்ணாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் "கழுவுடா" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கண்ணாடியில் எழுதினால் பரவாயில்லை, டிக்கிக் கதவில் எழுதினால் பெயின்டிலேயே எழுத்து நின்றுவிடும். சாய்வாகப் பார்த்தால் எங்கள் டிக்கியில் இன்றைக்கும் ஒரு "க" தெரியும். வரியை மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறார்கள்.

உழைப்பே இல்லாத, ஆனால் யாரும் செய்யாத ஒன்று, தண்ணீர் வடியும் வழிகள். முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலை சேரும். கதவுகளின் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதில் மண் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று உள்ளிருந்து துரு கிளம்பும். ஒரு பழைய டூத் பிரஷ் போதும். 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் தெருவில் கதவடி வரை தண்ணீர் நின்றது. வடிந்தபிறகு அந்த ஓட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக வண்டல் எடுத்தோம். அந்தச் சமயத்தில் அப்பா வீடு வீடாகப் போய், "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீய, மெக்கானிக் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் அதற்குப் பணம் வராது, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உள்ளே சுத்தம் என்பதற்கு ரப்பர் மிதியடி போதும், எடுத்துத் தட்டினால் முடிந்தது. டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தூசி பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், வேண்டாம். சொந்தக்காரர்கள் ஊருக்குப் போகும்போது கருவாடும் மீனும் கொண்டுபோகிற வீடு என்றால் டிக்கிக்கு விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் ட்ரே ஒன்று கட்டாயம் வாங்கிப் போடுங்கள். மீன் தண்ணீர் கார்பெட்டில் இறங்கிவிட்டால் எந்த சென்ட் பாட்டிலும் உதவாது. கார்பெட்டையே கழற்றி வெயிலில் போட வேண்டியதுதான்.

பி.கு.: உங்களுடையது பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் என்றால் மெழுகு, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். திட்டுத் திட்டாக மினுக்கம் ஏறிவிடும், திருப்பி எடுப்பது கஷ்டம். அதற்கென்று தனி ஷாம்பு இருக்கிறது.