போர்க் காட்சிகள் பொறித்த வெள்ளி ரவுண்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் அச்சிடப்பட்ட, இராணுவக் கருப்பொருள் கொண்ட வெள்ளி ரவுண்டுகள், பதக்கங்கள், நினைவு டாலர்கள் ஆகியவற்றைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: வீட்டுப் பொருள் ஏலம் ஒன்றில் வாங்கிய பெட்டியில், ஒரு பக்கம் டாங்கியும் ‘ஆபரேஷன் டெசர்ட் ஸ்டார்ம் 1991’ என்ற வாசகமும், மறுபக்கம் ‘ஒரு டிராய் அவுன்ஸ் .999 ஃபைன் சில்வர்’ என்ற வாசகமும் கொண்ட வட்டு ஒன்று இருந்தது. இது நாணயமா?

பதில்: இல்லை. நாட்டின் பெயரும் முகமதிப்பும் அதில் இல்லை என்பதே முதல் அடையாளம். அரசு வெளியிட்டு, சட்டப்படி செல்லுபடியாவதுதான் நாணயம். தனியார் நாணயச்சாலைகள் (மின்ட்) அச்சிடும் இத்தகைய வட்டுகளைச் சேகரிப்போர் ரவுண்ட் என்றே அழைக்கின்றனர். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரை ஒட்டிப் பல தனியார் சாலைகள் இவற்றை அச்சிட்டுத் தள்ளியதால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை பெரும்பாலும் வெள்ளியின் அன்றைய விலையை ஒட்டியே விற்கின்றன. டாங்கியைப் பார்ப்பதற்கு முன் விளிம்பை ஒட்டியுள்ள சிறு எழுத்துகளையும் சாலையின் முத்திரையையும் உருப்பெருக்கியில் பாருங்கள். சில்வர்டவுன், சன்ஷைன் போன்ற அறியப்பட்ட பெயர் இருந்தால் வாங்குபவர் தயக்கமின்றி வாங்குவார். எந்தப் பெயரும் இல்லாவிட்டால் சோதித்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார்.

கேள்வி: உண்மையான வெள்ளிதானா என்பதை உரசிப் பார்க்காமல் வீட்டிலேயே அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசும், ஒரு குவளைத் தண்ணீரும், மெல்லிய நூலும் போதும். முதலில் எடையைப் பாருங்கள். ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், சமையலறைத் தராசுகள் காட்டும் சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான் என்பதால், அவுன்ஸில் பார்க்காமல் கிராமிலேயே பாருங்கள். அடுத்து, தண்ணீர்க் குவளையைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு, ரவுண்டை நூலில் கட்டி, அடியையோ பக்கங்களையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போல் 10.49 மடங்கு ஆகையால், 31.1 கிராம் எடையுள்ள வெள்ளிக்குத் தராசு ஏறத்தாழ 2.96 கிராம் காட்டும். அதே எடையுள்ள செம்புக்கு 3.47 கிராம் காட்டும். இந்த அரை கிராம் வேறுபாட்டை முலாம் மறைக்க முடியாது. வட்டின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மட்டும் கணக்குத் தவறிவிடும். அதைத் தட்டி விலக்கிவிட்டு எண்ணைப் படியுங்கள்.

காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியல்ல என்பது உறுதி. ஆனால் செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது என்பதால், ஒட்டாததை வைத்து வெள்ளி என்று முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கடற்படை நினைவு வட்டு ஒன்றில் ‘100 மில்ஸ் .999 சில்வர்’ என்றிருக்கிறது.

பதில்: அது வெள்ளி முலாம் பூசிய வட்டு. .999 என்பது மேலே உள்ள மெல்லிய பூச்சின் மாற்றை (தூய்மை அளவை) மட்டுமே குறிக்கிறது. ‘கிளாட்’, ‘லேயர்டு’ என்ற சொற்கள் இருந்தாலும் இதே முடிவுதான். ‘ஜெர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’ என்று பொறித்தவற்றில் வெள்ளியே கிடையாது.

கேள்வி: நார்மண்டி கடற்கரையில் ஓடும் படைவீரர் உருவமும் 1991–1995 என்ற ஆண்டுகளும் கொண்ட ஒரு டாலரை, ஒரு அவுன்ஸ் வெள்ளி என்ற பெயரில் என்னிடம் விற்றார்கள். சரியான விலைதானா?

பதில்: எடைக் கணக்கில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். அது இரண்டாம் உலகப் போரின் 50ஆம் ஆண்டு நினைவாக அமெரிக்க அரசு நாணயச்சாலை 1993இல் வெளியிட்ட வெள்ளி டாலர். அதன் எடை 26.73 கிராம், மாற்று 900 (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி); எனவே அதிலுள்ள தூய வெள்ளி 0.7734 டிராய் அவுன்ஸ்தான். 1991ஆம் ஆண்டின் கொரியப் போர் நினைவு டாலர், 1994ஆம் ஆண்டின் வியட்நாம் வீரர்கள், போர்க் கைதிகள், படைப்பணியில் பெண்கள் ஆகிய மூன்று டாலர்கள் ஆகியவற்றுக்கும் இதே அளவுதான். ஒரு அவுன்ஸ் ரவுண்டின் விட்டம் வழக்கமாக 39 மில்லிமீட்டர், இவற்றின் விட்டம் 38.1 மில்லிமீட்டர் என்பதால் கண்ணளவில் ஏமாறுவது எளிது.

ஆயினும் இவை அரசு நாணயங்கள். சேகரிப்போர் ஆண்டு, அச்சிட்ட நாணயச்சாலையைக் காட்டும் குறியெழுத்து, ப்ரூஃப் அச்சா (சேகரிப்போருக்காகக் கண்ணாடிபோல் மெருகேற்றி அடித்தது) சாதாரண அச்சா என்பதைப் பார்த்துத் தனி விலை தருவதும் உண்டு. உங்கள் டாலரில் ‘டி’ என்றிருந்தால் டென்வரின் சாதாரண அச்சு, ‘டபிள்யூ’ என்றிருந்தால் வெஸ்ட் பாயின்ட்டின் ப்ரூஃப் அச்சு. இதைப் பாராமல் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பிராங்க்ளின் மின்ட்டின் போர் வரலாற்றுப் பதக்கங்கள் 36, ஆல்பமும் சான்றிதழும் சேர்த்து என்னிடம் உள்ளன. ஒவ்வொன்றும் 25 கிராம். என்ன மதிப்பு?

பதில்: பிராங்க்ளின் மின்ட், பெயர் எப்படி ஒலித்தாலும், 1964இல் தொடங்கிய தனியார் நிறுவனம். அது வெண்கலத்திலும் பதக்கங்கள் அச்சிட்டது என்பதால், முதலில் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல் இருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். இருந்தால் மாற்று 925. மொத்த எடை 900 கிராம், அதில் தூய வெள்ளி 832.5 கிராம், அதாவது ஏறத்தாழ 26.8 டிராய் அவுன்ஸ்; அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் விலையைப் பெரிதாக உயர்த்தாது. ஆனால் 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது இத்தகைய தொகுப்புகள் ஏராளமாக உருக்கப்பட்டன. குறையாமல் எஞ்சியுள்ள தொகுப்பைப் பிரித்து விற்பது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

கேள்வி: கறுத்துப்போன ரவுண்டை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்கைத் தேய்ப்பது போல இதைத் தேய்க்கக் கூடாது. விபூதியும் பற்பசையும் கண்ணாடிபோன்ற பரப்பில் நுண்கீறல்களை விடும். அவை ஒருபோதும் மறையா. கறுப்பு இயற்கையானது, அப்படியே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிய பச்சைப் பிசுக்கு இருந்தால் மட்டும், தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்க்காமல் எடுங்கள்.

கேள்வி: இங்குள்ள நகைக்கடையில் எடைக்கு மட்டும் விலை சொல்கிறார்கள். வேறு வழி?

பதில்: தனியார் ரவுண்டுக்கு அது நியாயமான விலைதான், கழிவு அதிகமாகப் பிடிக்காதவரை. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுப் பாருங்கள். அரசு டாலர்களை மட்டும் தனியே எடுத்து வைத்து, நாணயச் சேகரிப்போரிடம் காட்டுங்கள். இணையத்தில் ஒப்பிடும்போது, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பாராமல் உண்மையில் விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருப்பதை நீங்களே காண்பீர்கள்.