போதையில் சிக்கிய இசைமேதைகளைப் பற்றிய ஆவணப்படங்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் எவ்வளவு தூரம் நம்பலாம்?

பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸை வைத்துச் சொல்கிறேன். 2011 ஜூலையில், லண்டன் கேம்டனில் உள்ள வீட்டில், குடி மிஞ்சிப்போய் இறந்தபோது அவருக்கு வயது 27. அடுத்த வருடமே அப்பா மிட்ச் ஒரு புத்தகம் எழுதினார். 2015ல் ஆசிப் கபாடியாவின் ‘ஏமி’ ஆவணப்படம் வந்தது. 2024ல் நடிகர்களை வைத்து ‘பேக் டு பிளாக்’ என்ற சினிமா.

மூன்றிலும் பழி விழும் இடம் வேறு வேறு. புத்தகத்தில் மிட்ச் மகளுக்காக அல்லாடும் தகப்பன். கபாடியா படத்திலோ, மகள் ஒதுங்கிப்போன செயின்ட் லூசியா தீவுக்கே டிவி கேமராவோடு வந்து நிற்கிறார். என் பேச்சை வெட்டி ஒட்டி அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள் என்று மிட்ச் கொதித்தார். 2024 படத்தில் மறுபடியும் நல்ல அப்பா ஆகிவிடுகிறார். முன்னாள் கணவர் பிளேக் மீதும் பெரிதாகப் பழி இல்லை.

மூன்றில் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம்தான் உசத்தி. பேசுகிறவர்களைக் கேமரா முன் உட்கார வைக்காமல், குரலை மட்டும் ஓடவிட்டு, பழைய வீடியோக்களாலேயே கோத்திருக்கிறார் கபாடியா. ஆனாலும் ஒரு உறுத்தல். பிரபலங்களைத் துரத்திப் படமெடுக்கும் பாப்பராசிகள் ஏமியை விரட்டிய கொடுமையைக் காட்ட, அந்தப் பாப்பராசிகள் எடுத்ததையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறது படம். செர்பியாவின் பெல்கிரேடு நகர மேடையில் ஏமி பாட முடியாமல் தடுமாறியதை நாமும் டிக்கெட் வாங்கி இன்னொரு தடவை பார்த்தாயிற்று.

அதனால் இந்த வகைப் படங்களில் நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த ஆள் தன் வேலையைச் செய்வதை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்? கபாடியா படத்தில் ஆபி ரோடு ஸ்டுடியோ காட்சி ஒன்று உண்டு. 2011 மார்ச், சாவதற்கு நான்கு மாதம் முன்பு. சின்ன வயதிலிருந்து கொண்டாடிய அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டோடு ‘பாடி அண்ட் சோல்’ பாட வேண்டும். ஏமிக்குப் பதற்றம். பாதியில் நிறுத்துகிறார், நன்றாக வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். 84 வயதுப் பென்னட் அவசரமே படாமல் தைரியம் சொல்கிறார். அப்புறம் பாட்டு பிடிபடுகிறது பாருங்கள்! உடம்பு அந்த நிலையில் இருந்தும் காது அவ்வளவு கறார். பத்திரிகைகள் காட்டிய ‘குடிகாரப் பாடகி’யிடம் இதை எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

2024 படத்தைப் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. அந்த நேரத்தில் 2003ல் வந்த முதல் ஆல்பம் ‘ஃபிராங்க்’ கேளுங்கள். அப்போது அவருக்கு 20 வயது, கேமராக் கூட்டம் இன்னும் வாசலுக்கு வந்திருக்கவில்லை.